கோரைப்பாய் சுற்றிய தொலைநோக்கி

ஆலங்காயம் தாண்டி மலைப்பாதையில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். சோதனைச் சாவடிக்காரர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே போர்வையில் சுற்றிய உருளை. ஜவ்வாது மலையில் போர்வை சுற்றிய உருளை என்றால் சந்தனக்கட்டை ஞாபகம் வருவது அவர் பிழையல்ல. கட்டை இருந்தால் மலையிலிருந்து இறங்கும் வண்டியில்தானே இருக்கும், ஏறும் வண்டியில் எதற்கு என்று கேட்க என் மச்சினனுக்கு நாக்கு துறுதுறுத்தது. முறைத்து அடக்கினேன்.

"என்னா சார் இது?"

"தொலைநோக்கிங்க. கிரகங்களப் போட்டோ எடுக்கப் போறோம்."

மூடியைக் கழற்றிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். முன்னால் ஒரு கண்ணாடித் தகடு, பின்னால் கறுப்பான வெற்றுக் குழாய், அடியில் ஒரு குழியாடி. "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைத் தூக்கச் சொன்னார்.

உள்ளே காற்று இருந்தது. சென்னையிலிருந்து ஏசி போட்டுக் கொண்டுவந்த காற்று. அன்றிரவு என்னைப் படுத்தி எடுக்கப்போவது அதுவும் அதன் உறவுக்காரர்களும்தான் என்று அப்போது எனக்கும் தெரியாது.

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. அந்த மாதம் முழுக்கச் செய்தித்தாள்களில் 'கோள்களின் அணிவகுப்பு' என்று படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலையில் மேற்கே வெள்ளியும் சனியும், தலைக்கு மேல் வியாழன், கிழக்கே செவ்வாய். செவ்வாய் ஜனவரி 12 அன்றுதான் பூமிக்கு மிக அருகில், சுமார் 9.6 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்துபோயிருந்தது. மடிப்பாக்கத்தில் மொட்டை மாடியிலிருந்து ஆறு வருடமாகக் கிரகங்களைப் படம் பிடித்துவருகிறேன். பகலில் வங்கி வேலை. தெருவிளக்கும் எதிர் அடுக்ககத்தின் நீலவிளக்கும் வானத்தைச் சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடும். ஒரு தடவையாவது நல்ல இருட்டில் வைத்து எடுத்தால் படம் எங்கேயோ போய்விடும் என்று பல வருட ஆசை. இரண்டு நாள் விடுப்பு, மச்சினனின் கார், எட்டு அங்குலத் தொலைநோக்கி, ஒரு மடிக்கணினி. ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டுவிட்டு வாணியம்பாடியில் இடதுபுறம் திரும்பினோம்.

காவலூரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் ஒரு சிற்றூர். அலுவலக நண்பர் ஒருவருக்குத் தெரிந்த குடும்பம். சாமை அடித்து முடித்த களம் காலியாகக் கிடந்தது. "எவ்ளோ நேரம் வேணா இருங்க தம்பி, நாய்தான் கத்தும், ஒண்ணும் செய்யாது" என்றார் பெரியவர். களத்தின் நடுவே சிமென்ட் தளம். பகல் முழுக்க வெயில் குடித்த சிமென்ட் இரவெல்லாம் அதைக் கக்கிக்கொண்டிருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு ஓரத்து மண்தரையில் முக்காலியை ஊன்றினேன். அந்த மட்டும் புத்தி வேலை செய்தது.

இரவு எட்டு மணிக்கு வானத்தைப் பார்த்த மச்சினன், "மாமா, இதுக்கே பெட்ரோல் காசு சரியாப் போச்சு" என்றான். உண்மை. மடிப்பாக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள். இங்கே கார்த்திகைக் கூட்டத்திலேயே எண்ணிக்கை தவறியது. ரிஷபத்தில் ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன் எரிந்துகொண்டிருந்தது, மரநிழல் விழுமோ என்று தோன்றும் அளவுக்கு.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கிரகம் ஒன்று உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது நாம் நிற்கும் அட்சத்தைப் பொறுத்தது. காவலூர் 12.6 பாகை வடக்கு. அன்று வியாழன் வான நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 22 பாகை வடக்கே இருந்தது. ஆகவே எங்கள் தலைக்கு மேலே, சொல்லப்போனால் தலையைத் தாண்டி வடக்குப் பக்கமாக, 80 பாகை உயரத்தில் கடந்தது. கிரகம் எவ்வளவு உயரே இருக்கிறதோ அவ்வளவு குறைந்த காற்றைத் துளைத்து அதன் ஒளி வந்து சேரும். 2020 டிசம்பரில் வியாழனும் சனியும் ஒன்றையொன்று தொடுவதுபோல் நெருங்கியபோது இரண்டும் தெற்கே தாழ்ந்து கிடந்தன. லண்டன்காரர்களுக்கு உச்சியிலேயே சுமார் 18 பாகை உயரம்தான். சென்னையில் 56 பாகை. கிரகப் படத்தில் உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்துக்காரர் டேமியன் பீச், நல்ல காற்று தேடி பார்படாஸ் தீவுக்குப் பலமுறை போய் எடுத்திருக்கிறார். பார்படாஸ் 13 பாகை வடக்கு. சென்னையும் 13 பாகை வடக்கு. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் வீட்டிலிருந்தபடியே எடுப்பவர் கிறிஸ்டோபர் கோ. வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறிவிட்டதை 2006இல் உலகத்துக்கு முதலில் சொன்னவர். செபு, நம் புதுக்கோட்டையின் அட்சம்.

இதையெல்லாம் நான் மேடையில் பேசும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தேன். இருந்தும் இருட்டைத் தேடி மலை ஏறினேன் பாருங்கள்.

அன்று பத்து மணிக்குச் சற்றுப் பிறகு வியாழனின் பெருஞ்செம்புள்ளி நம் பக்கம் நேராகத் திரும்பும் என்று செயலி சொன்னது. வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற பத்து மணி நேரம்கூட ஆகாது, 9 மணி 55 நிமிடம்தான். செம்புள்ளி என்பது அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாகச் சுழன்றுகொண்டிருக்கும் புயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் நீளம் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்று அளந்தார்கள். இப்போது சுருங்கி 16,000 வாக்கில் வந்து நிற்கிறது. இன்னும் பூமியை உள்ளே போட்டு மூடலாம்.

ஒன்பதரைக்கே தயாராகிவிட்டேன். கேமராவை மாட்டி, மடிக்கணினித் திரையில் வியாழனைக் கொண்டுவந்தேன்.

ஓடும் ஓடையின் அடியில் ஒரு காசு கிடந்தால் எப்படித் தெரியும்? அதுதான் தெரிந்தது. விளிம்பு நெளிந்தது. பட்டைகள் தோன்றின, கரைந்தன, மறுபடி தோன்றின. குவியத்தைத் திருகினால் இந்தப் பக்கமும் மங்கல், அந்தப் பக்கமும் மங்கல், நடுவில் எது கூர்மை என்று முடிவுசெய்ய முடியவில்லை. பத்து மணி ஆனது, பத்தேகால் ஆனது. செம்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாதத்தில் சிந்திய ரசம்போல ஒரு கறை.

மேலே பார்த்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் சினிமாப் பாட்டில் வருவதுபோல் கண் சிமிட்டின. கவிஞர்களுக்கு அது நல்ல சகுனம். எங்களுக்கு அதுதான் கெட்ட செய்தி. நட்சத்திரம் சிமிட்டுவதில்லை, இடையிலுள்ள காற்று ஆடுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். எங்கள் களம் இருந்தது ஒரு சரிவின் அடியில். பொழுது சாய்ந்ததும் மலைமேல் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து இறங்கத் தொடங்கிவிட்டது. சால்வைக்குள் கணுக்காலில் அது ஊர்வது எனக்குத் தெரிந்தது. போதாததற்குக் குழாய்க்குள் சென்னைக் காற்று இன்னும் வெளியேறி முடிக்கவில்லை. கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே குளிர் இறங்க இறங்க அது பின்னாலேயே துரத்திக்கொண்டிருக்கும்.

நல்ல இருட்டு விண்மீன் கூட்டங்களுக்கும் நெபுலாக்களுக்கும் வேண்டும். அவை மங்கியவை. வியாழன் மங்கியதல்ல. அது டி. நகர் ரங்கநாதன் தெருவிலிருந்தும் தெரியும். அதற்கு வேண்டியது அசையாத காற்று. புத்தகத்தில் படித்ததைக் களத்தில் படிக்க எனக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தேவைப்பட்டது.

பதினோரு மணிக்குச் செவ்வாய்க்குத் திரும்பலாம் என்று குழாயைத் திருப்பினால் படம் மெல்ல மெல்ல அவிந்துகொண்டே போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடி முழுக்கப் பனி. தை மாதத்து மலைப்பனி. பனித்தடுப்பு உறையை மடிப்பாக்கத்தில் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை இந்தக் கதையைத் திண்ணையில் சொன்னபோது அந்த வீட்டு அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து நீட்டினார். "குழந்தைக்குக் கட்டுற மாதிரி சுத்திக் கட்டுங்க. மொகம் நனையாது." சுற்றி, குழாயின் முனைக்கு முன்னால் ஒன்றரை அடி நீட்டி, மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் ஒட்டினோம். கண்ணாடி நேராகத் திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு வெப்பத்தை இழப்பதால்தான் பனி படிகிறது. பக்கங்களை மறைத்துவிட்டால் இழப்பு குறையும். கடையில் இதே வேலையைச் செய்யும் பொருளை நாலாயிரத்துக்கு வாங்கியிருக்கிறேன், சொல்ல வெட்கமாக இருந்தது.

பகலில் காவலூர் ஆய்வகத்துக்குப் போனோம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் தெரிகிற அந்தத் திருப்பத்தில் யாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது. யார் பெயரை அதற்கு வைத்தார்களோ அந்த வைணு பாப்பு 1982இலேயே இறந்துபோயிருந்தார். சென்னையில் பிறந்தவர். மாணவராக இருந்தபோதே 1949இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். கொடைக்கானலில் மேகம் அதிகம் என்று வேறிடம் தேடி, சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்தக் காட்டைத் தேர்ந்து 1968இல் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு தொடங்கினார். தெற்கு வானமும் நன்றாகத் தெரியும் அட்சம் என்பது இந்த இடத்தின் பெரிய தகுதி.

எனக்குப் பெரிய குவிமாடத்தைவிட 1972இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியின்மீதுதான் மரியாதை அதிகம். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காவலூரில் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் அதைத் தொடுவதற்கு முன்பே ஒளி சில விநாடிகள் சட்டென்று சரிந்து மீண்டது. இடையில் ஏதோ வந்து போயிருக்கிறது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி அளந்த அமெரிக்கக் குழு, கிரகத்தின் இரு புறமும் ஒரேமாதிரி பல சரிவுகளைக் கண்டது. துணைக்கோள் அல்ல, வளையங்கள். சனிக்கு மட்டுமே உரியது என்று முந்நூறு ஆண்டுகளாக நினைத்திருந்த ஆபரணம் இன்னொரு கிரகத்துக்கும் உண்டு என்று தெரிந்த இரவில், இந்த மலையும் ஒரு சாட்சி. ஒரு பாடநூலிலாவது இதை நம் பிள்ளைகளுக்கு நான்கு வரி எழுதினால் என்ன என்ற கோபம் எனக்கு உண்டு. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர், எண் 4130. அதுவும் யாருக்கும் தெரிவதில்லை.

மாலை நாலரைக்கே களத்துக்குத் திரும்பிக் குழாயின் மூடியைத் திறந்து வைத்துவிட்டேன். உள்காற்றும் வெளிக்காற்றும் சமாதானம் ஆகட்டும். இன்னொரு திட்டமும் இருந்தது. அன்று செம்புள்ளி ஆறு மணிவாக்கில், சூரியன் மறையுமுன்பே நடுக்கோட்டுக்கு வந்துவிடும். ஏழரைக்குள் மேற்கு விளிம்பில் போய் மறையும். இருட்டிய பிறகுதான் எடுப்பேன் என்று உட்கார்ந்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. அந்திவேளைக்கு ஒரு குணம் உண்டு. தரையின் சூடும் காற்றின் சூடும் சிறிது நேரம் சமமாக நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம், சரிவில் காற்று வழியத் தொடங்குமுன், வானம் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும்.

ஆறரைக்கு வானம் இன்னும் நீலம். வியாழனை வெறும் கண்ணால் தேடிப் பிடித்தேன். திரையில் பார்த்தபோது நேற்று இரவு பார்த்த அதே கிரகம்தானா என்று சந்தேகம். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நின்றது. இரண்டு பட்டைகள், அவற்றின் ஓரத்தில் நூல் பிரிந்ததுபோல் சுருள்கள். நடுவுக்கு மேற்கே செங்கல் நிறத்தில், ஒரு வெண்ணிறக் குழிக்குள் உட்கார்ந்தபடி செம்புள்ளி.

படம் எடுக்கும் முறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் ஒரு படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறோம். அன்று வியாழனின் தோற்ற அளவு 43 வில்விநாடி. நூறு மீட்டர் தள்ளி ஒருவர் ஒரு ரூபாய்க் காசைத் தூக்கிக் காட்டினால் ஏறத்தாழ அந்த அளவு. தொலைநோக்கிக்குப் பின்னால் ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லை, அதற்குப் பின்னால் நகத்தைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமரா. திரையில் கிரகத்தின் அகலம் சுமார் 220 பிக்சல், அவ்வளவுதான். விநாடிக்கு 120 சட்டகம் வீதம் இரண்டு நிமிடம் ஓடினால் பதினாலாயிரத்துச் சொச்சம் சட்டகங்கள், நாலு ஜிபிக்கு மேல். அதற்கு மேல் ஓட்டினால் வியாழன் திரும்பிவிடும், படம் இழுபடும். பிறகு வீட்டில் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு சட்டகமாக மதிப்பெண் போடும். காற்று அசையாமல் நின்ற கணத்தில் சிக்கிய நூற்றுக்குப் பத்துப் பதினைந்தை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். மீதி குப்பை. அடுக்கியதை ரெஜிஸ்டாக்ஸில் கூர்மைப்படுத்தினால் அதுவரை ஒளிந்திருந்த விவரம் எழுந்து வரும். எத்தனை சட்டகத்துக்கு ஒன்று அதிர்ஷ்டமாக அமையும் என்பதை டேவிட் ஃபிரைட் என்பவர் 1978இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அதனால் இதற்கு லக்கி இமேஜிங் என்றே பெயர். நெல்லைக் கொட்டிப் பதர் நீக்கித் தூற்றும் களத்தில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். இந்தக் களத்தில் சாமை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று வீடியோ முடிந்து நான்காவது ஓடும்போது பின்னால் செருப்புச் சத்தம். ஊரின் பிள்ளைகள் எட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் நாலு பெரியவர்கள். மச்சினன் மதியம் டீக்கடையில் "சாயங்காலம் வாங்க, கிரகம் காட்டுறோம்" என்று எல்லாரையும் அழைத்துவிட்டு வந்திருக்கிறான்.

கேமரா மாட்டியிருந்தால் கண்ணால் பார்க்க முடியாது. கண்வில்லை மாட்டினால் படம் எடுக்க முடியாது. ஒரே குழாய். செம்புள்ளிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் ஆயுசு, இந்தக் காற்றுக்கு அதைவிடக் குறைவு. சனி மேற்கே மரங்களுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது, எட்டே காலுக்குமேல் இருக்காது. பிள்ளைகளைத் திரையில் பார்க்க வைத்தேன். ஒரு பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது டிவி மாதிரி இருக்குது" என்றான். அவன் சொன்னதில் ஏமாற்றம் தெளிவாக இருந்தது. ஏழு மணி ஐந்து நிமிடம் வரை தாக்குப்பிடித்தேன். மொத்தம் ஒன்பது வீடியோ. பிறகு கேமராவைக் கழற்றிவிட்டேன். இன்னொரு பத்து நிமிடம் பிடிவாதம் பிடித்திருக்கலாம் என்று இன்றும் சில இரவுகளில் தோன்றும். அது என் புத்தி.

முதலில் வெள்ளி. அன்று மூன்றாம் பிறை நிலா வெள்ளிக்குப் பக்கத்திலேயே நின்றது. வெள்ளியும் தொலைநோக்கியில் பிறையாகத்தான் தெரியும். சூரியனைச் சுற்றும் வழியில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வரத் தொடங்கியிருந்ததால் அதன் முகத்தில் பாதிக்கும் குறைவாகவே வெளிச்சம். ஒரு சிறுமி கண்வில்லையிலிருந்து முகத்தை எடுத்து நிலாவைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். "இது நிலா போட்ட குட்டியா?" என்று கேட்டாள். வரிசை சிரித்து ஓய்வதற்குள் சனிக்குத் திருப்பினேன்.

சனி அந்த வருடம் ஒரு விசித்திரம். அதன் வளையங்கள் சுமார் 15 வருடத்துக்கு ஒருமுறை நமக்கு நேர் பக்கவாட்டில் திரும்பும். தட்டை விளிம்பிலிருந்து பார்ப்பதுபோல. அதற்கு முன் கடைசியாக 2009இல் அப்படி நடந்திருந்தது. அடுத்தது 2025 மார்ச் 23 என்று கணக்கு. நாங்கள் பார்த்த அன்று சாய்வு மூன்று பாகைதான் பாக்கி. கோலிக்குண்டில் ஊசி குத்தி இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரே ஒரு கோடு. தாழ்ந்து இருந்ததால் நெளிந்தது. ஆனாலும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு "ஆமா, கோடு இருக்குது" என்று சாட்சி சொன்னார்கள்.

பாய் கொடுத்த அம்மாவின் முறை வந்தது. அவர் கிட்டே வரவில்லை.

"நான் வேணாம் தம்பி. சனீஸ்வரன நேருக்கு நேரா நின்னு பாக்கக் கூடாது. கோயில்லயே ஓரமாத்தான் நின்னு கும்புடுவோம். அதுவும் சனிக்கெழம."

பக்கத்தில் நின்ற பெண்கள் இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். நான் நாத்திகமோ ஆத்திகமோ பேசவில்லை. குழாயின் பின்புறம் ஒரு சிறிய முட்டியைக் காட்டினேன். உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. வருகிற ஒளியைச் செங்குத்தாகத் திருப்பிவிடும். மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும்.

"அம்மா, குழாய் மேற்கால பாக்குது. நீங்க கீழ குனிஞ்சுதான் பாக்கப் போறீங்க. சனி மொகம் அந்தப் பக்கம், உங்க மொகம் இந்தப் பக்கம்."

குழாயையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தார். சம்மதமாகிவிட்டது போலும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"பாவம், ஒல்லியா இருக்காரு" என்றார்.

திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி அந்த மார்ச் 29 என்றும், வாக்கியப்படி 2026 மார்ச் 6 என்றும் இரண்டு பஞ்சாங்கக்காரர்களுக்கும் நடுவே அப்போது ஊரெல்லாம் சர்ச்சை. எந்தப் பஞ்சாங்கமும் வளையம் மறையப்போவதைச் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

எட்டரைக்குக் கூட்டம் கலைந்தது. வியாழனுக்குத் திரும்பினேன். உச்சியைத் தாண்டிச் சற்று மேற்கே, அருமையான உயரம், பாய்க்குள் கண்ணாடி பொட்டுப் பனி இல்லாமல் பளிச்சென்று. ஆனால் சரிவில் ஓடை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. செம்புள்ளியும் போய்விட்டது. பதினோரு மணிக்குச் செவ்வாய் உச்சிக்கு வந்தபோது இரண்டு வீடியோ எடுத்தேன். வடதுருவப் பனித்தொப்பி வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு மண்தரையில் மல்லாந்து படுத்து இரண்டு மணி நேரம் வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தேன். இருட்டு வானத்துக்கு அதுதான் சரியான பயன்.

ஞாயிறு காலை கிளம்பும்போது டேப்பை உரித்தேன். கோரையும் சேர்ந்து உரிந்து வந்தது. ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பாய் கந்தல். அந்த அம்மா "போவட்டும் விடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்பது வீடியோவையும் அடுக்கிப் பார்த்தேன். ஆறு மணி நாற்பதுக்கு எடுத்த இரண்டாவது ஒன்றுதான் தேறியது. ஆறு வருடத்தில் நான் எடுத்தவற்றில் அதை இரண்டாம் இடத்தில் வைப்பேன். முதலிடம் இன்னமும் மடிப்பாக்கத்துக்குத்தான். முந்தைய டிசம்பரில், மழை விட்ட ஓர் இரவில், கடற்காற்று அடங்கிய பிறகு மொட்டை மாடியில் எடுத்தது.

ஆகவே கிரகப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. மலைக்குப் போகாதீர்கள். மொட்டை மாடி போதும். நம் அட்சத்தில் பிறந்திருப்பதே பாதி உபகரணம். மற்றவர்கள் விமானச் சீட்டு வாங்கித் தேடும் உயரம் நம் கைப்பிடிச் சுவருக்கு மேல் சும்மா நிற்கிறது. கோடையில் தூங்கப் போகுமுன் மாடியில் தண்ணீர் தெளிப்போமே, அதைத் தொலைநோக்கிக்கும் செய்யுங்கள். தளம் கக்கும் சூடு சீக்கிரம் அடங்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகக் குழாயை நீட்டாதீர்கள், கிரகம் கொதிக்கும். பூமத்திய மவுன்ட்டைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர்செய்யச் சொல்வார்கள். நமக்கு அது அடிவானிலிருந்து 13 பாகையில், ஏதாவது அடுக்ககத்துக்குப் பின்னால்தான் இருக்கும். திசைகாட்டி வைத்துத் தோராயமாகத் திருப்பினால் இரண்டு நிமிட வீடியோவுக்குத் தாராளம். பெரிய கேமரா இல்லையென்றால் கைபேசியைக் கண்வில்லையில் பிடித்து வீடியோ எடுங்கள், அதையும் அந்த மென்பொருள் அடுக்கும். அமெச்சூர் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று எண்ண வேண்டாம். 2009 ஜூலையில் வியாழனில் ஏதோ மோதிக் கறுப்புத் தழும்பு விழுந்ததை முதலில் கண்டவர் ஆஸ்திரேலியாவில் தன் வீட்டுப் பின்கட்டில் தொலைநோக்கி வைத்திருந்த ஆன்டனி வெஸ்லி. நாசாவின் பெரிய தொலைநோக்கிகள் அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பின.

படத்தை அச்சிட்டுக் கண்ணாடி போட்டு மலைக்கு அனுப்பினேன். பெரியவர் போன் செய்தார். செம்புள்ளி தெரிகிறதாம், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல்: "பாய் ஒண்ணு வாங்கியாரச் சொல்லுங்க."

ஆறடிக் கோரைப்பாய் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று அவர்களுக்கு, ஒன்று குழாய்க்கு. அடுத்த தடவை போவது கிரகத்துக்காக இல்லை, ஆண்ட்ரோமிடாவுக்காக.